காய்ச்சலை வீட்டுக்கு மறைக்காதே

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். போன மாதம் ஐந்து நாள் காய்ச்சல். ரூம்மேட் கொடுத்த ஏதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தேன். மெஸ் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் அப்பா வேலையை விட்டுவிட்டு ராத்திரியே பஸ் ஏறிவிடுவார் என்று சொல்லவே இல்லை. தனியாக அழுதேன். மறுபடி வந்தால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: உடம்பு கொதிக்கும்போது ஒரு டம்ளர் வெந்நீருக்குக்கூட நாமே எழுந்து போக வேண்டும் என்றால் யாருக்கும் அழுகை வரும். அதை நினைத்துக் கூச்சப்படாதேம்மா. ஆனால் ஐந்து நாளும் யாருக்கும் சொல்லாமல் கிடந்தாய் பார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காரணம் டெங்கு. மழைக்காலத்தில் நம் ஊரில் எந்தக் காய்ச்சலையும் 'சாதாரணக் காய்ச்சல்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அப்பாடா, விட்டுவிட்டது என்று குளித்துவிட்டு கிளாஸுக்குக் கிளம்பத் தோன்றும். சிலருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத அசதி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிடு. அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூடத் தெம்பு இருக்காது. அதற்காகத்தான் பக்கத்தில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

'ஏதோ மாத்திரை' என்று எழுதியிருக்கிறாய். அட்டையைத் திருப்பிப் பார்த்தாயா? பாராசிட்டமால் என்றால் சரி, அதையும் நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்தே இருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றையும் டாக்டர் சொல்லாமல் தொடாதே. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். யாரோ மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், வைரஸ் காய்ச்சலுக்கு அது கேட்காது.

டாக்டரிடம் முதல் நாளே, முடியாவிட்டால் இரண்டாம் நாளாவது போய்விடு. டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை முதல் ஐந்து நாளில்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். கையில் பணம் இல்லையென்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்கு போன் செய்து கேட்கலாம். ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வை, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கூச்சம் பார்க்காதே. வார்டனிடம் சொல்லிவிட்டு, மெஸ்ஸில் சமைக்கும் அக்காவிடம் முந்தின ராத்திரியே 'நாளைக்குக் கஞ்சி மட்டும் போதும்' என்று கேட்டுப் பார். முன்கூட்டியே தெரிந்தால் ஒரு பிடி அரிசியைக் குழைய விடுவது அவருக்குப் பெரிய வேலையில்லை. காலை டீ நேரத்தில் ரூம்மேட்டிடம் பிளாஸ்க்கைக் கொடுத்து வெந்நீர் பிடித்துவரச் சொல். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டில் 200 மில்லி என்று போட்டிருக்கிறதா, ஒரு லிட்டர் என்றா என்று பார்த்துக் கரை. சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டினால் அதில் சத்தே இருக்காது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். நீ மறைத்தது பாசத்தால்தான், புரிகிறது. ஆனால் பிறகு ஒரு நாள் தெரியவந்தால், அப்புறம் நீ 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சந்தேகம் வரும். அந்தக் கவலை ஒரு ராத்திரி பஸ் பயணத்தைவிடப் பெரிது. அதனால் சொல்லிவிடு, முழுசாகச் சொல். 'அம்மா, காலைலருந்து காய்ச்சல் அடிக்கு. நூத்தியொண்ணு இருக்கு. டாக்டர்ட்ட காட்டிட்டேன். ரூம்மேட் கூடவே இருக்கா. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுதேன்.' சொன்னபடி எட்டு மணிக்குக் கூப்பிடு. ரூம்மேட் நம்பரை அம்மாவிடமும், அம்மா நம்பரை அவளிடமும் இன்றைக்கே கொடுத்துவை. அப்படியும் அப்பா புறப்பட்டு வந்தால் வரட்டுமே, மகளைப் பார்க்கத்தானே வருகிறார்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நீ டாக்டரைப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. இன்னும் அசதி இருந்தால் இந்த வாரமே போய்க் காட்டு. வரும் வழியில் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வைத்துக்கொள்.