43 வயதில் சட்டக் கல்லூரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 வருடமாகப் பருவகாலப் பட்டியல் எழுத்தர். பிளஸ் டூ முடித்து அஞ்சல் வழியில் பி.காம். வாங்கினேன். வயது 43. மூன்று வருட சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. ‘பொண்ணு காலேஜ் போற வயசுல உனக்கு எதுக்குக் காலேஜ்’ என்று கேட்கிறார்கள். வயது வரம்பு உண்டா, என் பட்டம் செல்லுமா, இத்தனை வருடம் கழித்து முதலிலிருந்து தொடங்குவது சரிதானா? நீங்களும் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புள்ள தம்பி,

சட்டென்று சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் நெறிப்படுத்தும் பார் கவுன்சில் 2008 விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று வைத்தார்கள், அது பலமுறை கோர்ட்டுக்குப் போய் 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வயதை நினைத்துத் தயங்காதீர்கள். அஞ்சல் வழிப் பட்டமும் செல்லும், ஏனென்றால் நீங்கள் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். அது இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலையில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். பட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் வகுப்பினருக்கு 40 வேண்டும். இங்கே அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத்தேர்வு கிடையாது, பட்ட மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம்.

முதலிலிருந்து தொடங்குவதா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன்.

நான் ஜூனியராக இருந்தபோது திருவாரூர் பக்கம் ஒரு அம்மாவின் வழக்கு வந்தது. மூணு மா நிலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), மாமனார் காலத்திலிருந்து வாய்மொழிக் குத்தகை, ஒரு ரசீது கிடையாது. நிலத்துக்காரரின் பிள்ளைகள் வந்து, இவர் எங்களிடம் கூலிக்கு வேலை செய்தவர், குத்தகைதாரரே இல்லை என்றார்கள். 1955ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் நிற்கும், ஆனால் குத்தகைதாரர்தான் என்று முதலில் காட்டியாக வேண்டுமே. குத்தகை உரிமைப் பதிவேட்டிலும் பெயர் ஏறவில்லை. ஒருநாள் மஞ்சள் பையில் வீட்டிலிருந்த தாளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு நகல், விபூதிப் பொட்டலம், இவற்றுக்கு நடுவே நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன கொள்முதல் நிலையப் பட்டியல் நாலு. நாலும் வேறு வேறு வருடம். அவர் பெயர், மூட்டைக் கணக்கு, ஈரப்பதம், தேதி. கூலிக்காரர் தன் பெயரில் நெல் போடுவாரா? நெல் போட வி.ஏ.ஓ.விடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கின் நகல், வாங்கியிருக்க வேண்டும் அல்லவா, அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டே பழைய அடங்கல் நகல்களைத் தேடி எடுத்தோம். அந்தக் கொள்முதல் பட்டியல்களில் இருந்த சுருக்கக் குறிப்புகள் என் சீனியருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. உங்களை மாதிரி ஒரு பட்டியல் எழுத்தரைத் தேடிப்போய் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். நிலம் இன்றைக்கும் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது.

உங்களுக்குச் சிட்டா தெரியும், அடங்கல் தெரியும், எந்தத் தாளில் யார் பெயர் எதனால் மாறுகிறது என்று தெரியும். நம் பக்கத்து முன்சீப் கோர்ட்டுகளிலும் வருவாய் நீதிமன்றங்களிலும் பாதி வழக்கு இந்தத் தாள்கள்தான். நல்ல மதிப்பெண் வாங்கி வருகிற 23 வயதுப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள வருடக்கணக்காகும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வகுப்புக்கு 70 சதவீத வருகை கட்டாயம், சட்டத்தை அஞ்சல் வழியில் படிக்கவும் முடியாது. திருச்சி அரசு சட்டக் கல்லூரி கிடைத்தாலும் மன்னார்குடியிலிருந்து போக வரவே தினமும் நாலைந்து மணி நேரம். தை மாசி சம்பா அறுவடையில் நீங்கள் நிலையத்திலும் இருக்க முடியாது, அந்த மூன்று வருடப் பருவச் சம்பளம் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு. 750 ரூபாய்க்கு மேல் பதிவுக்கட்டணம் கேட்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வையும் படித்தால் தாண்டிவிடலாம். அதற்கடுத்த இரண்டு மூன்று வருடம்தான் என்னை உலுக்கிப் போட்டது. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, ஆனால் தாலுகா கோர்ட்டில் அது கைக்கு வரும் என்று நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள். எனக்கு முதல் வருடம் பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான். வீட்டில் என் மனைவியின் சம்பளம் ஓடியதால் நான் வக்கீலானேன், அவ்வளவுதான் உண்மை.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து, படிப்பு மூன்று வருடம், ஜூனியராக மூன்று வருடம், மொத்தம் ஆறு வருடத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெண்ணின் கல்லூரிச் செலவையும் அதில் சேருங்கள். மனைவி அந்தத் தாளைப் பார்த்து சரி என்று சொன்னால் பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள், அறிவிப்பு வந்ததும் போடுங்கள். இடம் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என்னிடம் இருக்கிற பழைய நிலச் சட்டப் புத்தகங்களை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்