கல்லீரலின் ரத்த ஓட்டத்தைக் கணினியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள், மிச்சம் தாங்குமா என்று கணினியில் முன்கூட்டியே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நானும் இதே ஊரில் பாய்மக் கணக்கீட்டு (திரவம், வாயு ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும்) வேலையில்தான் இருக்கிறேன்.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல், மண்ணீரல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. பெரிய குழாய்களின் வடிவத்தை சிடி ஸ்கேனிலிருந்து எடுத்து திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கலாம். சரி, உள்ளே போனால்? ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள நுண்மடல்கள் என்ற சிறு திசு அலகுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் நுண்குழல்களை ஒவ்வொன்றாக வரைவது நடைமுறையில் ஆகாத காரியம். அதனால் திசுவை நீர் ஊறும் பஞ்சாகக் கருதி டார்சி விதியைப் போடுகிறார்கள்: அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டமும் அதே விகிதத்தில் கூடும்.

அப்பாவின் விஷயத்தில் முக்கியமானது இதுதான். பாதியை வெட்டினாலும் குடலிலிருந்து வரும் ரத்தம் பாதியாகிவிடாது. அத்தனையும் மிஞ்சிய பகுதிக்குள் நுழைந்தாக வேண்டும். போர்ட்டல் அழுத்தம் ஏறும். உடனே தமனி தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த எதிர்வினையைச் சேர்க்காத கணினி மாதிரியை நான் நம்ப மாட்டேன்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறும் நோய்) இருந்தால் திசு இறுகியிருக்கும், ஆரோக்கியமான கல்லீரலின் எண்கள் பொருந்தாது. மிஞ்சும் பகுதியின் கன அளவு, போர்ட்டல் அழுத்தம், சிரோசிஸ் இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள் தங்கச்சி. முடிவெடுக்க இப்போதைக்கு அவைதான் அதிகம் உதவும்.