கறுப்பின ஆண்களுக்குப் புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் அதிகம் என்கிறார்களே, உண்மையா? எப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்?

உண்மைதான். பிரிட்டனில் பொதுவாக ஆண்களில் 8 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு. நான் மருத்துவன் இல்லை, லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் டிப்போ கேன்டீனில் ஜமைக்காக்காரர்கள் டோமினோ ஆடுவார்கள், மேசைக்கு நாலு பேர். அந்த நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒருவருக்கு வயது 52. "ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன், ஒண்ணுக்குப் போறதுலயும் சிக்கல் இல்ல, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்பார். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில், சிறுநீர்க் குழாயிலிருந்து தள்ளித்தான் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. எலும்பு வலி வரும்வரை காத்திருந்தால் அது பரவிவிட்டது என்று பொருள்.

அவருடைய அண்ணனுக்கு வந்த பிறகுதான் இவர் அசைந்தார். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேறு. முதலில் எடுப்பது கையிலிருந்து ரத்தம்தான், பிஎஸ்ஏ பரிசோதனை. இந்தச் சுரப்பி உண்டாக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அன்று அவர் வேகமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போயிருந்தார். நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார்! இரண்டு நாள் முன்பிருந்தே கடுமையாகச் சைக்கிள் ஓட்டக் கூடாது, உடலுறவும் கூடாது. அளவு ஏறிக் காட்டும்.

அளவு கூடினாலே புற்றுநோய் என்றில்லை, கிருமித்தொற்றிலும் கூடும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி, அதாவது சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

இங்கே இதற்கென்று யாரும் கடிதம் போட்டுக் கூப்பிடுவதில்லை, நாமேதான் ஜிபியிடம், அதாவது நம் குடும்ப மருத்துவரிடம், கேட்க வேண்டும். 50 தாண்டிய ஆண்கள் அறிகுறி இல்லாமலே கேட்கலாம். கறுப்பின ஆண்கள் 45லேயே பேசிவிடுங்கள் என்கிறது 'புரோஸ்டேட் கேன்சர் யுகே' என்ற தொண்டு நிறுவனம்.

வெளியே சொல்லக் கூச்சப்படுவது பஸ் டிரைவர் மட்டுமில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை ஜனாதிபதியிடமே சொல்லவில்லை. அப்புறம் பெரிய சர்ச்சையாகி, சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

நம்மாளுக்கு? சின்னதாக ஒன்று இருந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துக் கண்காணிக்கிறார்கள். டோமினோ கட்டையை முன்னைப் போலவே மேசை அதிர அடிக்கிறார்.