போர்ஷனும் முடிய வேண்டும், நெல்லையும் வகுப்புக்குள் வர வேண்டும்

வணக்கம் டீச்சர். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் போர்ஷனை முடிக்கவே மூச்சு முட்டுகிறது, உள்ளூர் வரலாற்றுக்கு நேரமில்லை, தலைமையாசிரியரும் கடிந்துகொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இதே பாடம் எடுக்கிறேன்; அந்தத் தவிப்பு எனக்கும் தெரியும்.

பாடத் தொடக்கத்தில் உள்ள கற்றல் நோக்கங்களை முதலில் வாசியுங்கள். மாணவர் எட்ட வேண்டிய தரம் அதுதான். வரிக்கு வரி வாசித்துக்காட்டுவது அல்ல. நம் சீமை பாடத்திட்டத்துக்கு வெளியேயும் இல்லை. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும், 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறும் பாடத்துக்குள்ளேயே வருகின்றன.

1908 எழுச்சிக்கு ஒரு பீரியடை முழுதாகக் கொடுங்கள். மார்ச் 12 வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். இதைக் கரும்பலகையில் எழுதியபோது கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "இது நம் ஊரிலா நடந்தது, சார்?" என்று கேட்டான். அன்று காலக்கோட்டை அவனே வரைந்தான், புத்தகத்தைத் திறக்காமல்!

பொருளியல் அட்டவணைகளை வீட்டுப்பாடமாக்கினால் அந்தப் பீரியட் கிடைத்துவிடும். தலைமையாசிரியர் கேட்டால், பாடக்குறிப்பேட்டில் உரிய கற்றல் நோக்கத்தை எழுதிக் காட்டுங்கள்.