திட்டமில்லாப் பயணமும் ரயில் பாஸும்

அன்புள்ள ஐயா,

வரும் ஜூன் மாதம் மூன்று வாரம் ஐரோப்பாவை ரயிலில் தனியாகச் சுற்றிவர எண்ணியிருக்கிறேன். ஒரு முதுகுப்பை மட்டும்தான் சுமை. அடுத்து எந்த ஊர் என்பதை அன்றன்று காலையில் முடிவு செய்துகொள்ள ஆசை. யூரெயில் பாஸ் வாங்கிவிட்டால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். விசாவுக்கோ ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவேன் என்று காட்ட வேண்டியிருக்கிறது. பாரிஸ், பார்சிலோனா, ரோம், வியன்னா, பெர்லின் என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் எப்படிப் பொருத்துவது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. அந்தப் பாஸ் 33 நாடுகளில் செல்லும்; ஆனால் செல்லும் இடமெல்லாம் நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது. பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா போன்ற அதிவேக ரயில்களில், பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்டி இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஜெர்மனியின் ஐசிஇ ரயிலில் ஒவ்வோர் இருக்கைக்கும் உரிய சிறு திரை, அந்த இடம் எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை பதிவாகியிருக்கிறது என்று காட்டும். எதுவும் காட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆக, காலையில் எழுந்து ஊரைத் தீர்மானிக்கும் உரிமை வேண்டுமென்றால் அதை அனுமதிக்கும் நாடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானாக இருந்தால் பாரிஸையும் பார்சிலோனாவையும் வேறொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, பெர்லினில் இறங்கி, தெற்கே வியன்னா, சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, கடைசியில் ரோமுக்குப் போவேன்.

அந்த வழியில் சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்கு இறங்கும் பெர்னினா பாதையைத் தவறவிடாதீர்கள். நம் மேட்டுப்பாளையம் ரயிலுக்கு மலையேறப் பற்சக்கரம் வேண்டியிருக்கிறது. 2,253 மீட்டர் உயரத்தைக் கடக்கும் பெர்னினா ரயில் பற்சக்கரம் இல்லாமலே ஏறி இறங்குகிறது. புரூசியோ என்ற இடத்தில் சரிவைச் சமாளிக்க வழியில்லாமல், தண்டவாளத்தையே ஒரு வட்டப் பாலமாக வளைத்து, ரயிலைத் தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து போக வைத்திருக்கிறார்கள். கூரைவரை கண்ணாடி பதித்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் அதே காட்சிகளினூடே ஓடும் சாதாரணச் சிவப்பு ரயிலுக்கு இரண்டும் தேவையில்லை, பாஸே போதும். எனக்குப் பிடித்தது சாதாரண ரயில்தான். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குவதையும் பார்க்கலாம். திரானோவிலிருந்து மிலானுக்கு கோமோ ஏரிக்கரையோரமாகப் போகும் வட்டார ரயிலிலும் முன்பதிவு இல்லை.

மூன்று வாரத்துக்கு, ஒரு மாதத்துக்குள் ஏதேனும் ஏழு நாள் பயணம் செய்யும் வகைப் பாஸ் போதும். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஆனால் இரவு ரயிலுக்குப் புறப்படும் நாள் மட்டுமே கணக்கு, நள்ளிரவுக்குப் பின் ரயில் மாறாதவரை. வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா போன்ற ஒரு மணி நேரப் பயணங்களுக்குத் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு பாஸ் நாளைச் செலவழிப்பது வீண். தேதிகள் எல்லாம் முன்பே உறுதியாகிவிட்டால் பாஸே வேண்டாம், முன்கூட்டி வாங்கும் சீட்டுகள் பல சமயம் மலிவு. ஆனால் அவை உங்களை ஒரே ரயிலோடு கட்டிவிடும்.

விசாவுக்கு வருவோம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அவற்றில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். ரத்து செய்யக்கூடிய ஹாஸ்டல் (பயணிகள் தங்கும் மலிவு விடுதி) பதிவுகளைக் கொண்டு, நீங்கள் உண்மையிலேயே போக நினைக்கும் வழியை எழுதிக் கொடுங்கள். இடையில் ஓர் ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவதால் ஒன்றும் ஆகாது. ஆஸ்திரியாவில் அதிக நாள் என்று விசா பெற்றுவிட்டு அங்கே தலைகாட்டாமலே திரும்புவது மட்டும் கூடாது. வெள்ளி, சனி இரவுகளை எந்த ஊரிலானாலும் முன்பே உறுதி செய்துவிடுங்கள், வார இறுதியில் ஹாஸ்டல்கள் நிரம்பிவிடும். படுக்கை வசதியுள்ள இரவு ரயிலும் அப்படித்தான், பாஸ் இருந்தாலும் முன்பதிவு கட்டாயம்.

ஏறும்போது ரயிலை மட்டும் பார்க்காமல் பெட்டியில் எழுதியிருக்கும் ஊரையும் பாருங்கள். அங்கே வியன்னா 'வீன்' என்றும் வெனிஸ் 'வெனேட்சியா' என்றும் அந்தந்த மொழியில்தான் இருக்கும். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும். நான் ஒருமுறை பையை ஒரு பாதியில் வைத்துவிட்டு, தேநீர் வாங்க மற்ற பாதிக்கு நடந்துவிட்டேன்.