ஒப்புதல் படிவம் யார் கண்ணில் படும்?

கேள்வி: ஆள்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களையும் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களையும், முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு காப்பகத்தில் பேட்டி காண இருக்கிறேன். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் ஒலிப்பதிவும் கட்டாயம் என்று துறையில் சொல்கிறார்கள். பெண்களோ கையெழுத்து என்றாலே தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்? இரு தரப்பினருக்கும் ஒரே வினாநிரல் போதுமா?

பதில்: அந்தத் தயக்கத்தை ஆய்வுக்கு வந்த இடையூறாகக் கருதாதீர்கள், ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். படிவத்தின் நகல் ஒன்றைப் பங்கேற்பவரிடமே கொடுத்தனுப்புவது பல்கலைக்கழகங்களின் வழக்கம். காப்பகத்திலிருந்து கணவர் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் கைப்பையில் அந்தத் தாள் மடிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வன்முறை' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய அதைக் கணவர் பிரித்துப் பார்த்தால் அன்றிரவு என்ன நடக்கும் என்பது ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எந்த நெறிமுறைக் குழுவின் காதுக்கும் எட்டாது. கடத்தலிலிருந்து மீண்டவர்களின் அச்சம் வேறு வகையானது. படித்துப் பார்க்க வழியில்லாத ஒரு தாளில் கைநாட்டு வைத்த நாளில்தான் அவர்களில் சிலருடைய கடனும் அடிமைநிலையும் தொடங்கியிருக்கும்.

ஆகவே, வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். ஒருவரை ஆய்வோடு பிணைக்கும் ஒரே ஆவணம் கையெழுத்துதான், ரகசியம் வெளிப்படுவதே முதன்மையான ஆபத்து என்ற நிலையில் கையெழுத்தைத் தவிர்க்க அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளே இடம் தருகின்றன. குடும்ப வன்முறை ஆய்வுக்கு 2001-லும், கடத்தப்பட்ட பெண்களைப் பேட்டி காண்பதற்கு 2003-லும் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரைகளையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். விளக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த நாளையும் குறியீட்டு எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளலாம். எதை உங்களால் ரகசியமாக வைத்திருக்க இயலாது என்பதை, குறிப்பாகக் குழந்தைக்கு நேரும் தீங்கு போன்றவற்றைச் சட்டப்படி தெரிவிக்கும் கடமை உங்களுக்கு இருந்தால் அதை, சம்மதம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாதிப் பேட்டியில் சொல்வது ஏமாற்று.

ஒலிப்பதிவு கட்டாயமாக இருக்கக் கூடாது. பெயரை மாற்றிவிடலாம், குரலை அறிந்தவர் அறிந்துகொள்வார். மறுப்பவரிடம் கையால் குறிப்பெடுங்கள். சம்மதிப்பவரிடமும் உங்கள் சொந்தக் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். பதிவான கோப்பு உங்களைக் கேட்காமலேயே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறிவிடக்கூடும்.

காப்பகத்துக்கு வெளியே, வீட்டில் வைத்துப் பேச நேர்ந்தால் 2005-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வை முன்மாதிரியாகக் கொள்ளலாம். 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு, ஊராருக்குப் பெண்களின் உடல்நலம், வாழ்க்கை அனுபவம் பற்றியதாகவே அறிமுகப்படுத்தப்பட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேசினார்கள். இடையில் யாரேனும் உள்ளே வந்தால், பேட்டியாளர் சற்றும் தடுமாறாமல் வேறு சாதாரணக் கேள்விகளுக்குத் தாவ வேண்டும். எளிதாகத் தோன்றும் இதைப் பத்து முறையாவது நண்பர்களோடு ஒத்திகை பாருங்கள்; முகம் மாறாமல் பேச்சை மாற்றுவது பலருக்கு வருவதில்லை.

வினாநிரலைப் பொறுத்தவரை, பொதுப் பகுதி ஒன்றாக இருக்கலாம், மையப் பகுதி தனித்தனியாக இருக்க வேண்டும். ஆள்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் ஏற்ற பலெர்மோ நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கை அதைச் செயல், வழிமுறை, நோக்கம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததாக நிறுவ வேண்டியதில்லை. அழைத்துச் சென்றவர் காதலராகவோ கணவராகவோ இருக்கும்போது ஒரே பெண் உங்களுடைய இரண்டு தரப்பிலும் வருவார் என்பதையும் மறக்காதீர்கள். "நீங்கள் கடத்தப்பட்டீர்களா", "வன்முறைக்கு ஆளானீர்களா" என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். அடையாளச் சீட்டு யாரிடம் இருந்தது, சம்பளம் யார் கைக்குப் போனது, தனியாக வெளியே போக முடிந்ததா, கணவரோ அழைத்துச் சென்றவரோ அறைந்ததுண்டா என்று நடந்த செயல்களைக் கேளுங்கள். அதிலும் ஆய்வுக்கேள்விக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்க வேண்டாம். பல அதிகாரிகளிடம் சொல்லிச் சலித்த கதையை உங்களுக்காக இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல அவருக்கு எந்தக் கடமையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். காப்பகத்தில் தங்கியிருப்பவருக்கு, நிர்வாகி அழைத்து வந்த ஆய்வாளரிடம் முடியாது என்று சொன்னால் படுக்கை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஆகவே, அழைக்கப்பட்ட எல்லோரும் உங்களோடு அறைக்குள் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் இருந்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பேட்டிக்கு மறுத்தவர் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது வெளியே நிற்கும் நிர்வாகிக்குத் தெரியாமல் போகும்.