மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் (நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட சிப்பில் திரவத்தை ஓட்டும் துறை) ஆராய்ச்சி வேலை எப்படி இருக்கும்? மெக்கானிக்கல் படித்தவர் வரலாமா?

தாராளமாக வரலாம். நான் பார்த்தவரை இந்தத் துறையில் மெக்கானிக்கல், கெமிக்கல் படித்து வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சிப் செய்வதுதான் வேலை என்று நினைத்து வராதீர்கள்.

சிப் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் திரவத்தில் பத்துக்கு ஒரு பங்கு கெட்டியாக்கும் பொருளைக் கலந்து, காற்று போக வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றிச் சூடாக்கி, உரித்தெடுத்துப் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) கொடுத்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஹார்வர்டில் வேதியியலாளர் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 1990களில் பரப்பிய முறை இது. கிடைக்கும் வாய்க்கால்கள் தலைமுடியைவிடக் குறுகலாகக்கூட இருக்கும். அந்த அளவில் திரவம் சுழிக்காது. ஓட்டம் சீராக இருக்குமா சுழிக்குமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணைப் படித்த உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

உயிருள்ள செல்லைச் சிப்புக்குள் விட்ட பிறகுதான் பாடு. மனித செல் என்றால் 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, இரவு முழுக்க நுண்ணோக்கி மேடையிலேயே. எங்கிருந்தோ ஒரு காற்றுக்குமிழி வந்து அத்தனை செல்லையும் அடித்துக்கொண்டு போகும். படம் பளிச்சென்று வரட்டும் என்று ஒளியைக் கூட்டினால் செல் செத்துப்போகும். குறைத்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. மருந்து சோதிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: தண்ணீரில் எளிதில் கரையாத சிறு மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய அளவு செல்லுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இவ்வளவு பாடுபட்டும் ஆய்வுக் கேள்வி நன்றாக இல்லையென்றால் பயனில்லை என்பது என் கருத்து. 'மதர் மெஷின்' என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சக்ஜூன் ஜுன் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்டது. ஒரு முனை மூடிய குறுகிய சந்துகள், அவ்வளவுதான். சந்தின் மூடிய கோடியில் ஒரு ஈ.கோலை பாக்டீரியா நிற்கும். அது பிரியப் பிரிய, புதிய செல்கள் வெளியே தள்ளப்பட்டு ஓட்டத்தோடு போய்விடும். கோடியில் உள்ள செல்லை நூற்றுக்கணக்கான தலைமுறை பார்க்கலாம். பாக்டீரியாவுக்கு வயதாகுமா என்று கேட்டார்கள். அத்தனை தலைமுறைக்குப் பிறகும் அதன் வளர்ச்சி வேகம் குறையவில்லை. இதைவிடச் சிக்கலான எத்தனையோ சிப்கள் ஒரு ஆய்வுக்கட்டுரையோடு நின்றுபோயிருக்கின்றன.

அப்புறம், பைதான் என்ற நிரல் மொழியைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு இரவில் குவியும் படங்களைக் கண்ணால் எண்ண முடியாது. செல்போஸ் போன்ற இலவச மென்பொருள்கள் செல்லின் ஓரத்தைப் பிரித்துத் தரும். அது தப்பாகப் பிரிப்பதை உட்கார்ந்து திருத்துவதில்தான் என் பாதி நாள் போகிறது. நுண்ணிய திரவத் துளிகளை வைத்து ஒற்றைச் செல் மரபணுத் தரவு எடுக்கும் 10எக்ஸ் ஜெனோமிக்ஸ் மாதிரி நிறுவனங்களுக்குப் போக நினைத்தாலும் சிப், செல், நிரல் மூன்றும் கலந்த இந்தத் திறமை உதவும்.

பிஎச்டிக்கு ஐஐடி மெட்ராஸோ பெங்களூர் ஐஐஎஸ்சியோ, எங்கு விண்ணப்பித்தாலும் நேர்காணலுக்கு முன் அந்த ஆய்வகத்து மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். செல் வளர்ப்பை யார் பார்க்கிறார்கள், நுண்ணோக்கி அவர்களுடையதா, பல ஆய்வகங்கள் பகிரும் பொது வசதியில் வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேளுங்கள். பொது வசதி என்றால் உங்களுக்கு இரவு நேரம்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.